பச்சை எரிந்தால் பேசலாம்

ஆவுடையின் ஆய்வுக்கூடத்துக்கு எதிரே ஒரு பரோட்டாக் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அவளைப் பற்றி வெகுநாளாக ஒரு குழப்பம். படித்த பெண். பெயருக்கு முன்னால் டாக்டர் போடுகிறவள். அப்படிப்பட்டவள் தினமும் யாராவது ஒரு கௌரவமான மனிதரின் நெற்றியில் பட்டை கட்டித் தோப்புக்கரணம் போட வைப்பது ஜன்னல் வழியாக அப்படியே தெரிந்தது. வங்கி மேலாளர் போட்டார். கல்லூரி முதல்வர் போட்டார். போட்டு முடித்துவிட்டுக் கைகூப்பி நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் பொருநைநல்லூர் நகராட்சித் தலைவர் குற்றாலிங்கமே வந்து போட்டார். அன்றைக்குக் கடையில் ஒரு கல் பரோட்டா கருகியது.

அவரை அவருடைய மருத்துவர் அனுப்பியிருந்தார். கூட்டத்தில் சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறதாம். ஆவுடை அவர் நெற்றியில் பட்டையையும் மணிக்கட்டில் ஒரு வளையத்தையும் மாட்டினாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு தோப்புக்கரணம் போடச் சொல்லுதீய டாக்டரம்மா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. உக்காந்து எந்திரிச்சா ரத்த அழுத்தம் ஏறும், இறங்கும். நாமளே வேணும்னு ஒரு அலைய உண்டாக்குதோம். அந்த அலை மூளை வரைக்கும் போகுதா, இல்ல வழியிலேயே அடங்குதான்னு இந்தப் பட்டை பாக்கும்."

"போனா நல்லதா?"

"போகப்படாது. ஒடம்புல அழுத்தம் என்ன ஆட்டம் போட்டாலும் மூளைக்கு ரத்தம் ஒரே சீரா போகணும். அதுக்காக மூளை தன்னோட ரத்தக் குழாய்கள தானே இறுக்கும், தானே தளர்த்தும். யாரும் சொல்ல வேண்டாம். நம்ம ஊர்த் தண்ணிக் குழாய எடுத்துக்கிடுங்க..."

"நம்ம ஊர்த் தண்ணிக் குழாயப் பத்தி இங்கன பேசாண்டாம்" என்றார் குற்றாலிங்கம்.

அவருடைய பட்டையில் பச்சை விளக்கு நிலையாக எரிந்தது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அலையாதீர்கள், மற்றபடி ஒன்றுமில்லை என்றாள் ஆவுடை. அவர் பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, எவ்வளவு கோவம் வந்தாலும் என் மூளை அசையாதுங்கீய."

"மூளையில ரத்த ஓட்டம் அசையாது. அதுக்கும் கோவத்துக்கும்..."

"அதுக்குப் பேருதாம்மா நிதானம்!"

அந்த இடத்தில் அவள் மறுத்திருக்க வேண்டும். வயதானவர்கள் கட்டிலிலிருந்து எழும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்கிறார்கள். யார் விழுவார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் அவள் அந்தப் பட்டையைச் செய்திருந்தாள். சீர்மானி என்று பெயரும் வைத்திருந்தாள். ஏழெட்டு வருஷமாக அதை எந்த அதிகாரியும் கையில் வாங்கிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது ஒரு நகராட்சித் தலைவர் ஆசையாகத் தடவிக்கொண்டிருக்கிறார். அவள் சிரித்துவைத்தாள். சீர்மானி அன்றிலிருந்து நிதானப் பட்டை ஆனது.

குற்றாலிங்கத்துக்கு அது எதற்கு என்பதை ஊரே அறியும். போன மாதம் நகர்மன்றக் கூட்டத்தில் ஒரு மைக் கம்பம் பறந்து அம்பேத்கர் படத்துக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் சுவரில் குத்தி நின்றது. அந்தக் காட்சியை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, பொருநைநல்லூர்க்காரர்களிடம் குறி தப்பியது எப்படி என்று கேட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் பட்டை வந்துவிட்டது. பட்டையை மைக்கோடு இணைத்தார்கள். பச்சை எரிந்தால் மைக் வேலை செய்யும். சிவப்பு எரிந்தால் மைக் செத்துவிடும். நிதானம் திரும்பிய பிறகு பேசலாம். மைக்கில் பேசாத பேச்சு கூட்டக் குறிப்பில் ஏறாது. ஆவுடை தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பெயரில் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதல் கூட்டத்திலேயே கோளாறு தெரிந்துவிட்டது.

மைக் கம்பத்தை எறிந்த ராசையா எழுந்தார். அவருக்குக் குரல் பெரிது, மீசை அதைவிடப் பெரிது. ஆணையாளரை, பொறியாளரை, எதிர்வரிசையை, கடைசியில் கூரையில் சுற்றிய மின்விசிறியை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. மேஜையில் குத்தினார். பட்டை பச்சையாகவே எரிந்தது. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்த வைக்கலாம், அப்பேர்ப்பட்ட ரத்தக் குழாய்கள் அவருக்கு.

"பாத்தியளா, நான் நிதானமாத்தான் பேசுதேன்!" என்று கர்ஜித்தார் ராசையா. மறுக்க யாராலும் முடியவில்லை.

அடுத்து மைதீன் பாத்து எழுந்தார். தையற்கடை வைத்திருந்து கவுன்சிலர் ஆன பெண்மணி. ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தலைவர் அவர்களே, எங்க வார்டுல அந்த வாட்டர் டேங்கு..."

சிவப்பு. மைக் செத்தது.

அவருக்குக் கோபமும் இல்லை, படபடப்பும் இல்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். எழுந்து நிற்கும்போது எல்லோருக்கும் அழுத்தம் ஒரு கணம் இறங்கும். மூளை உடனே சரிக்கட்டிக்கொள்ளும். மைதீன் பாத்துவின் மூளை அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவும் நின்றுகொண்டே இருந்தால் இன்னும் தாமதம். பச்சை திரும்புவதற்குள் அவருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துபோனது.

"அம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுதாவ" என்றார் குற்றாலிங்கம் கனிவாக. "அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்."

அடுத்த கூட்டத்திலும் "டேங்கு" வரைக்கும்தான் போனார். அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. எதிர்வரிசையில் அவருக்கு டேங்கு அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆவுடை அவருடைய தையற்கடைக்கே போய்ப் பார்த்தாள்.

"டேங்குல என்னக்கா?"

"தூணுல விரிசல் விட்டிருக்கு டாக்டரம்மா. கம்பி வெளிய தெரியுது. கீழ பால்வாடி. மழை பேஞ்சா சிமெண்டு உதுந்து பிள்ளைய தட்டுல விழுது. போன வருஷம் கட்டுன டேங்கு அது."

"யாரு கட்டுனா?"

மைதீன் பாத்து ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தலைவரோட மச்சினன்."

ஆவுடை குற்றாலிங்கத்திடம் போனாள். அந்த அம்மா உட்கார்ந்தபடியே பேசட்டும், சிவப்பு வராது என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சபை மரியாதை இருக்குல்லா டாக்டரம்மா. நின்னுதான் பேசணும். அது என் கையில இல்ல, விதி." அவர் இதையெல்லாம் திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது ஆவுடைக்குத் தெரியும். தானாக வந்து மடியில் விழுந்த வசதி. அதை எதற்காக அவர் தள்ளிவிடப் போகிறார்?

வேறு வழியில்லாமல் அவள் மைதீன் பாத்துவுக்குச் சில உபாயங்கள் சொல்லிக்கொடுத்தாள். எழுவதற்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடிப்பது, கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது, மெதுவாக எழுவது. பலன் இருந்தது. அடுத்த கூட்டத்தில் "டேங்குல விரிசல்" வரை வந்தார். அதற்கடுத்ததில் "டேங்குல விரிசல் விட்டு." இந்த வேகத்தில் போனால் வாக்கியம் முடிவதற்குள் பால்வாடிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள் என்று ஆவுடைக்குத் தோன்றியது. அதற்குள் தொட்டி விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

இதற்குள் பட்டை மன்றத்தைத் தாண்டி ஊருக்குள் இறங்கியிருந்தது. கல்யாணத் தரகர்கள் வரனின் படிப்பு, நட்சத்திரத்தோடு "நிதானம் பச்சை" என்று சேர்த்துச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடம் எல்.கே.ஜி.யில் சேர வந்த குழந்தைகளுக்குப் பட்டை கட்டிப் பார்த்தது. குழந்தைகள் எல்லாம் பச்சை, கூட வந்த அப்பாக்களில் பாதிப் பேர் சிவப்பு. பேருந்து முதலாளி ஒருவர், இருபது வருஷமாக ஒரு கோழியைக்கூட இடிக்காத ஓட்டுநரைச் சிவப்பு என்று சொல்லி டிக்கெட் கிழிக்க அனுப்பினார். அந்த ஓட்டுநர் ஆவுடையின் வாசலில் வந்து நின்று, "நான் எப்பம்மா நிதானம் தவறுனேன்?" என்று கேட்டார். அவள் முதலாளிக்கு விளக்கமாகத் தொலைபேசியில் சொன்னாள். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கொஞ்சம் சிவப்பா இருக்கீங்கன்னு நெனைக்கேன்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

சென்னையிலிருந்து இயக்குநர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாநிலத்தில் எல்லா மன்றங்களுக்கும் கொடுக்கலாம், ஆலோசகர் ஓர் அறிக்கை மட்டும் எழுதித் தரட்டும் என்றார். ஆவுடை எழுத உட்காருவாள், எழுந்துவிடுவாள்.

அப்போதுதான் தேவசகாயம் வாத்தியார் அந்த வித்தையைக் கண்டுபிடித்தார்.

அவர் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், ஏழாவது வார்டு கவுன்சிலர். ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகி மாடிப்படி ஏறி ஓடி வந்தார். புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தார். வழக்கமாகப் பாதியில் சிவப்பாகிறவருக்கு அன்று கடைசிவரை பச்சை. அடுத்த கூட்டத்தில் ஓடாமலே உட்கார்ந்த இடத்தில் மூச்சு வாங்கிப் பார்த்தார். பச்சை. மறுவாரமே தன் வீட்டு மொட்டைமாடியில் காலை வகுப்பு தொடங்கிவிட்டார். கவுன்சிலர்கள் வந்தார்கள், வரன்கள் வந்தார்கள், ஓட்டுநர்கள் வந்தார்கள். விடிந்தால் அந்தத் தெருவில் நாய்கள் குழம்பும் அளவுக்கு மூச்சுச் சத்தம்.

ஆவுடை பதறிக்கொண்டு ஓடினாள்.

"சார், அப்படி வேகமா மூச்சு விட்டா ரத்தத்துல கரியமில வாயு கொறையும். மூளைக் குழாய் எல்லாம் சுருங்கிரும். சுருங்கின குழாய் சீராத்தான் இருக்கும், அதான் பச்சை காட்டுது. ஆனா மொத்தமா போற ரத்தம் கொறைஞ்சு போகும்."

"சீரா இருக்கா, இல்லியா?"

"சீரா இருக்கு சார். கம்மியா இருக்கு. என் பட்டை சீரை மட்டுந்தான் பாக்கும், அளவப் பாக்காது. குழாய்ல தண்ணி ஒரே சீரா சொட்டு சொட்டா வருதுன்னு வைங்க, அதுக்கும் இது பச்சைதான் காட்டும்."

"அப்ப அது பட்டையோட கோளாறு, என் கோளாறு இல்ல" என்றார் வாத்தியார். அதில் தவறில்லை.

அடுத்த கூட்டங்கள் அமைதியாக நடந்தன. யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் தரையிலேயே இருந்தன. உறுப்பினர்கள் கண்ணை மூடிப் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டு பச்சையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆணையாளர் ஒவ்வொரு பொருளாகப் படிக்க, கைகள் தாமாக உயர்ந்தன. ஒரு கூட்டத்தில் முன்னாள் கவுன்சிலர் பரமார்த்தலிங்கத்தின் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேறியது. உண்மையில் அது அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வாழ்த்துத் தீர்மானம். யாரோ தலைப்பை மாற்றி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிட மௌனமும் அனுசரித்தார்கள். மறுநாள் பரமார்த்தலிங்கம் நேரில் வந்து, உருக்கமாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மைதீன் பாத்து அன்று முழுவதும் யோசனையாக இருந்தார். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஆணையாளரிடம் ஒரு தனி உறுப்பினர் தீர்மானத்தை எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தால் பேச வேண்டியதில்லை. வாக்கெடுப்புக்கு விட்டே ஆகவேண்டும்.

"பொருள்: பால்வாடி அருகில் உள்ள மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை உடனடியாக இடித்து அகற்றுதல்" என்று ஆணையாளர் தூக்கக் குரலில் படித்தார்.

ஆவுடைக்கு மூச்சு நின்றது. மற்ற எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தேவசகாயம் கை தூக்கினார். ராசையா கண்ணை மூடியபடி கை தூக்கினார். வரிசையாக எல்லாக் கைகளும் எழுந்தன. குற்றாலிங்கத்தின் நெற்றியில் வியர்வை, உதடு வெளுத்திருந்தது, தலைவர் என்பதால் எல்லோரையும்விட நிதானமாக இருக்கவேண்டும் என்று எல்லோரையும்விட அதிகமாக மூச்சு வாங்கியிருந்தார்.

"நெறவேறியது" என்று சொல்லி மேஜையைத் தட்டினார். இரண்டு தட்டில் ஒன்று காற்றில் போனது.

கூட்டம் முடிந்ததும் மைதீன் பாத்து ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தா ஓரமாக அழைத்துப் போனார்.

"டாக்டரம்மா, நீங்க என்ன நெனைக்கீயன்னு தெரியுது. சுயநெனவு இல்லாதவுகட்ட கையெழுத்து வாங்குன மாதிரிதான் இது."

"அதேதான் அக்கா. நான் வாயத் தொறந்தா செல்லாது."

"தொறப்பியளா?"

ஆவுடை வராந்தாவிலிருந்து தெருவைப் பார்த்தாள்.

"டேங்கு எறங்குத வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. அதுக்கப்புறம் என்னைத் தூக்குல வேணும்னாலும் போடுங்க."

ஆவுடை பொறுத்துக்கொண்டாள். அறிவியல் படித்தவளுக்கு அது சுலபமாக இல்லை. உண்மையைச் சொன்னால் தொட்டி நிற்கும், சொல்லாவிட்டால் பட்டை நிற்கும். ஊர் முழுக்க இந்தப் பொய்ப் பச்சையை நம்பி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டதா என்று அந்தத் தெருப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தாள். தலைவர் ஆணையைத் திருப்பி வாங்கப் பார்த்தார். நிறைவேறிய தீர்மானத்தை மாற்ற அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும் என்று ஆணையாளர் கைவிரித்துவிட்டார்.

அந்த இடைவெளியில்தான் தேவசகாயம் வாத்தியார் விழுந்தார். காலை வகுப்பை முடித்துவிட்டு, கடைசியாக ஒரு முறை ஆழமாகப் புஸ்ஸென்று விட்டுக் காட்டிவிட்டு, மாடிப்படியில் கால் வைத்தார். அடுத்த படி எங்கே என்று தெரியவில்லை. வலது கை முறிந்தது. தலையில் அடிபடாமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

ஆவுடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மாவுக்கட்டோடு படுத்திருந்தவர் அவளைப் பார்த்ததும் குழந்தை மாதிரிச் சொன்னார்: "விழும்போதுகூட பச்சைதாம்மா எரிஞ்சுது. பாத்துக்கிட்டிருந்த எல்லாரும் சொன்னாவ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது அழுகையாக மாறியிருந்தது. யாரும் விழக்கூடாது என்று செய்த கருவி. அதைக் கட்டிக்கொண்டு ஒருவர் விழுந்திருக்கிறார். நாளைக்கு அந்தப் படியில் வேறு யாராவது விழுவார்கள், மாவுக்கட்டோடு போகாது. அன்றைக்கே வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், இனிமேல் அப்படி மூச்சு வாங்காதீர்கள் என்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினாள். மன்றத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

தொட்டி இடிக்கும் நாளில் பால்வாடிக்கு விடுமுறை விட்டார்கள். தெருவே கூடி நின்றது. இயந்திரம் தன் நீண்ட கையால் தூணை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாவது தட்டுக்கு அது கையை ஓங்கும்போதே முழுத் தொட்டியும் களைத்துப்போனவன் உட்காருவது போல் தானாக மடங்கி உட்கார்ந்தது. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. இயந்திரத்தை ஓட்டியவர் இறங்கி வந்து, தான் சரியாகத் தட்டக்கூட இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்புகிற ஒரு தாய் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் ஆவுடை பேச அனுமதி கேட்டாள். விதிப்படி அவளுக்கும் பட்டை கட்டினார்கள். இரண்டு வாக்கியம் பேசினாள், சிவப்பு. மைக் செத்தது. சபை முழுவதும் ஒரு சிரிப்பு ஓடியது. அவள் பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, தொண்டையாலேயே பேசினாள்.

"இது நிதானத்த அளக்காது. ரத்தக் குழாய அளக்கும். ராசையா அண்ணாச்சிக்கு நல்ல குழாய், மைதீன் பாத்து அக்காவுக்குச் சொணங்குன குழாய், எனக்கும் அப்படித்தான். யாரு சொல்லுதது சரின்னு அதுக்குத் தெரியாது. மூச்சு வாங்கினா பச்சை வரும், கூடவே தலைசுத்தலும் வரும். போன கூட்டத்துல எல்லாரும் அப்படித்தான் கை தூக்குனீய. எனக்கு அப்பமே தெரியும். டேங்கு எறங்கட்டும்னு சொல்லாம இருந்தேன். என்ன செய்யணுமோ செய்ங்க."

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றாலிங்கத்தின் முகத்தில் மட்டும் மெல்ல வெளிச்சம் வந்தது.

"அப்ப டேங்க இடிக்கச் சொன்ன தீர்மானம் செல்லாது."

"செல்லாதுதான் அண்ணாச்சி."

"ஒவ்வொருத்தரா சொல்லுங்கய்யா. அன்னிக்கு ஒங்களுக்குத் தல சுத்துச்சா?"

"சுத்துச்சு அண்ணாச்சி." "நல்லா சுத்துச்சு." "எனக்கு ரெண்டு ஆணையாளர் தெரிஞ்சாவ." ராசையா எழுந்து, மீசையைத் தடவிக்கொண்டு, "கொடராட்டினம் மாதிரி சுத்துச்சு" என்றார்.

"அப்படிப் போடு! செல்லாத தீர்மானத்தால இடிச்ச டேங்கு. இருந்தபடியே கட்டித் தரவேண்டியது நம்ம கடமை. பழைய ஒப்பந்ததாரரே கட்டுவாரு, அவருக்குத்தான் அளவு தெரியும். யாரும் மூச்சு வாங்காண்டாம். தெளிஞ்ச புத்தியோட கை தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட எழவில்லை.

"என்னய்யா?"

"தல இன்னும் தெளியல அண்ணாச்சி" என்றார் ராசையா.

"ஒமக்கு?"

"லேசா ஆடிக்கிட்டே இருக்கு."

"வாத்தியாரே, நீரு?"

தேவசகாயம் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "எனக்குக் கை இல்லியே அண்ணாச்சி."

"எடது கை இருக்குல்லா?"

"நல்ல காரியத்துக்கு எடது கையத் தூக்கலாமா?"

குற்றாலிங்கம் கூட்டத்தை ஒத்திவைத்தார். போகும்போது நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தார். கண் இருட்டியிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் போனார்.

ஆவுடை ஒரு பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பட்டையைத் திருப்பிக் கேட்டாள். அவளுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை மாதம் அரிக்கிறது, இறுக்குகிறது என்று புலம்பியவர்கள் இப்போது கொடுக்கத் தயங்கினார்கள். ராசையா தன் பட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நழுவினார். அவள் அவரைப் பின்தொடர்ந்து வேப்பமரத்தடியில் பிடித்தாள்.

"இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கட்டுமே டாக்டரம்மா. சாக்கடை விஷயம் ஒண்ணு கெடக்கு."

"சாக்கடைக்கும் பட்டைக்கும் என்ன அண்ணாச்சி?"

அந்தப் பெரிய குரல் முதல் தடவையாகத் தணிந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் அன்னிக்கு மூச்சே வாங்கலம்மா. சும்மா வாயத் தொறந்து தொறந்து மூடுனேன். எனக்குத்தான் எப்பமும் பச்சையாச்சே."

"அப்ப தலை சுத்துனது?"

"யாருக்குச் சுத்துச்சு? தலைவருக்குச் சுத்துச்சு. மத்தவன் எல்லாம் நடிச்சான். எங்க பேத்தி அந்தப் பால்வாடிலதான் படிக்கா. காலைல நாந்தான் கொண்டுவிடுதேன். விட்டுட்டுத் திரும்பும்போது மேல பாக்காம வருவேன். எல்லாவனுக்கும் அந்த டேங்கு மேல பயம்தான். ஆனா குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு எதிரா கை தூக்குனவன்னு பேரு வாங்கிட்டு இந்த ஊர்ல யாரு இருக்க? தல சுத்துனவன்னு பேரு வாங்கினா ஒண்ணுமில்ல. அக்கா எழுதிக் கொடுத்திருக்காவன்னு கேள்விப்பட்டதும் வாத்தியார் வீட்டு மாடில கூடிப் பேசி வச்சோம்."

"எல்லாருமா?"

"அக்காட்ட மட்டும் சொல்லல. அவ்வோ நேர்மையான ஆளு. வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா?"

ஆவுடை கையை நீட்டினாள். அவர் பெருமூச்சோடு பட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மைதீன் பாத்து மன்றப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏமாற்றிவிட்டோமே என்ற கவலை அவர் முகத்தைவிட்டு இன்னும் போகவில்லை. சொல்லவேண்டாம் என்றுதான் முதலில் ஆவுடை நினைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ராசையா சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள்.

மைதீன் பாத்து தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அப்ப, எல்லாருக்கும் தெரியும்" என்றார். "இத்தனை மாசமா நான் ஒருத்திதான் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்னு நெனச்சேன். ராத்திரி மழை பேஞ்சா எந்திரிச்சு உக்காந்துக்கிடுவேன். பக்கத்து நாற்காலில இருந்தவனும் அப்படித்தான் உக்காந்திருந்திருக்கான்."

"ஆமா அக்கா."

"அந்த மைக்கு அணையாம இருந்திருந்தா, கேட்டிருப்பாவளோ?"

எந்தப் பட்டையாலும் அதை அளக்க முடியாது என்பது மட்டும் ஆவுடைக்குத் தெரிந்தது. சென்னைக்கு எழுத வேண்டிய அறிக்கையின் முதல் வரி அவளுக்கு அப்போது கிடைத்தது.

மைதீன் பாத்து தன் தலையிலிருந்த பட்டையைக் கழற்றி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பட்டையைப் பைக்குள் போட்டார்.

"அடுத்த கூட்டத்துல சாக்கடை விஷயத்த நான் பேசுதேன். உக்காந்துக்கிட்டேதான் பேசப்போறேன். எந்திரிச்சு நிக்கச் சொன்னா..." ஒரு கணம் யோசித்தார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

"தல சுத்துதுன்னு சொல்லிருதேன். எனக்குன்னா அது நெசந்தானே?"